மணிவாரி அறிக்கை

4 மே 2025, ஞாயிறு. படூர்

குடியிருப்போர் கூட்டம். செயலாளர் தீனதயாளன், என் தலைக்கு மேலே 4பி-யில் இருப்பவர், தண்ணீரை வீணாக்குகிறவர்களின் பட்டியலைத் திரையில் காட்டினார். முதல் பெயர்: ஜெசிந்தா சாலமோன், 3பி.

"ஒத்த ஆளு, இவ்ளோ தண்ணிய வச்சுகினு இன்னா பண்றீங்க ஆன்ட்டி?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். கான்வென்ட்டில் சிஸ்டர்கள்கூட என்னை இப்படி நிற்க வைத்ததில்லை. இதே நாற்பது பேர் முன்னால் அவர் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க வைப்பேன்.

5 மே

தீனதயாளனிடம் மீட்டர் பதிவுகளைக் கேட்டேன். அது டேட்டாபேஸ், உங்களுக்குப் புரியாது என்றார். கல்பாக்கத்தில் பதினெட்டு வருடம் டேட்டாபேஸிலிருந்து பெர்ல் மொழியில் அறிக்கை எடுத்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கமிட்டியில் இருக்கும் ஷ்யாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

7 மே

முப்பது வரி நிரல். இரண்டு இடங்களில் அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன். வெட்கம். மூன்றாம் முறை ஓடியது. மாதவாரிப் பட்டியலில் 3பி-தான் முதலிடம், நாளுக்கு எண்ணூறு லிட்டர்.

அப்படியானால் — நான்தானா?

8 மே

இல்லை!

நாள்வாரியாக எடுத்தேன். புனித வெள்ளி முதல் ஈஸ்டர் வரை செங்கல்பட்டில் தங்கை வீட்டில் இருந்தேன். வால்வை என் கையால் மூடிவிட்டுப் போனேன். அந்த மூன்று நாளும் 3பி-க்கு எண்ணூறு எண்ணூறாக ஓடியிருக்கிறது. 4பி-க்குப் பூஜ்யம்.

பம்ப் ஆபரேட்டர் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்சப்போ மீட்டர் நம்பர் தகட்டையெல்லாம் கயட்டினாங்கம்மா. மாத்தி மாட்டிட்டாங்க போல கீது."

அந்தத் தகடுகளைப் பார்த்துத்தான் டேட்டாபேஸில் ஏற்றியிருக்கிறார்கள். என் பெயரில் ஓடியது தீனதயாளன் வீட்டுத் தண்ணீர்! யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பன்னீரை அனுப்பினேன். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

10 மே

நாள்வாரி போதாது. அவர் வீட்டில் எந்த மணிக்கு எவ்வளவு என்று எல்லாமே திரையில் வர வேண்டும். சிரித்தவர்கள் பார்க்கட்டும்.

எடுத்தேன். காலை ஐந்து, ஒன்பது, மதியம் ஒன்று, நான்கு, ஏழு. தினமும் இதேதான். முதலில் இரண்டு வாளி, அடுத்த மணியில் வாஷிங் மெஷின் அளவு.

இந்த நேரங்கள் எனக்குத் தெரியும். என் கணவர் சாலமோன் படுக்கையில் கிடந்த கடைசி வருடம். உடம்பைத் துடைத்து, விரிப்பை மாற்றி, துவைத்து — நாளுக்கு ஐந்து முறை.

மேலே தீனதயாளனின் அம்மா சந்திரம்மா. ஜனவரிக்குப் பிறகு அந்த அம்மாளை நான் லிஃப்டில் பார்க்கவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்றாரே. ஏன் மறைக்கிறார்?

சாலமோனை நானும் யாருக்கும் காட்டவில்லை.

11 மே

தீனதயாளனை மன்னிக்கவில்லை.

18 மே, ஞாயிறு

காலையில் நிரலில் ஒரு வரியை நீக்கினேன். அறிக்கையிலிருந்து மணிவாரிப் பக்கம் மறைந்தது.

கூட்டத்தில் நாள்வாரியை மட்டும் காட்டினேன். மூன்று பூஜ்யங்கள். தகடு மாறிய கதையைப் பன்னீர் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். தீனதயாளன் எழுந்தார்.

"தப்பு என்னுதுதான் ஆன்ட்டி..." முறைத்துப் பார்த்தேன். "மன்னிச்சிருங்க மேடம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ 4பி-ல அவ்ளோ தண்ணிக்கு இன்னா வேலை?"

தீனதயாளன் என்னைப் பார்த்தார். என் அறிக்கை தவறான மீட்டரைப் பற்றியது மட்டுமே என்று சொல்லி மடிக்கணினியை மூடினேன்.

19 மே

பரணில் சாலமோனின் ரப்பர் விரிப்புகள் இரண்டு இருந்தன. கழுவிக் காயவைத்து, பையில் போட்டு, 4பி கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை.

லிஃப்டில் பார்த்தால் அவரோடு இன்னும் பேசுவதாக இல்லை.