செல்லியம்மா வண்டியின் பின் ஆக்சில்

புத்தூர்
19-6-1960

என் கண்ணு கோவர்த்தனனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ஜாம்ஷெட்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மலையப்பனைக் கும்பிடாத நாளில்லை. ஏப்ரலில் திருத்தணி மெட்ராசோடு போய்விட்டது, நாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய உன் மாமன் வீடு இனி வேறு ராஜ்யமாம். அதைக் கேட்டபோது எனக்கு மாமன் ஞாபகம் வரவில்லை, ரயிலில் இரண்டு நாள் தள்ளி இருக்கிற உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறதப்பா.

கார்வேட்டிநகரம் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்சு செல்லியம்மா தை மாதம் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள், வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மறுநாள் நம் ஒர்க்‌ஷாப்பு வாசலில் நின்று, அண்ணா, உள்ள ஒரு கட்டில் போடற மாதிரி வண்டி கட்டிக் குடு, படுத்துக்கினு வர்றவளுக்கு அதிரக்கூடாது என்று அழுதாள். ஊர்க்காரர்கள் ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரியை எடுத்துக் கொடுத்தார்கள். உன் நைனா அடிச்சட்டமான சேஸை மூன்றடி குறைத்து, கியர் பெட்டியிலிருந்து பின்னால் போகிற ஷாப்ட்டையும் அதற்குத் தக்கபடி வெட்டி, பின் ஆக்சிலைக் கண்ணளவிலேயே வைத்து முடுக்கிவிட்டார். ஓட்டிப் பார்த்தால் இருபது மைல் வேகம் தாண்டியதும் வண்டி மொத்தமும் உதறுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது. கட்டிலில் படுத்திருந்த எனக்குப் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. செல்லியம்மா இறங்கி நடந்தே போய்விட்டாள். நாலு நாள் உன் நைனா தட்டில் கை வைத்ததோடு சரி.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி கட்டுகிற சேதியை நான் எழுதியதும் நீ நைனா பேருக்கு அனுப்பிய கடிதத்தை அவர் பிரிக்கவே விடவில்லை. அளக்காம வைக்காத நைனா என்று நீ சொன்னதற்குத்தானே மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஸ்பேனரை வீசினார், நீயும் பெட்டியைத் தூக்கினாய். ஐந்தாம் நாள் நானே அந்தக் கடிதத்தோடு வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தெலுங்கு எழுத்துத்தானே தெரியும், நான் படித்தேன். ஆக்சிலைத் தாங்குகிற வில்லுப் பட்டையின் முன் ஆணியிலிருந்து ஆக்சில் முனை வரை இரண்டு பக்கமும் அளந்து, குறுக்காகவும் அளக்கச் சொல்லியிருந்தாய். நூல் பிடித்தோம், அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது, அப்புறம் மெல்லிய கம்பி பிடித்தோம். ஒரு முனை என் கையில், ஒரு முனை அவர் கையில். வலது பக்கம் அரை அங்குலம் முன்னால் நின்றது. ஷாப்ட்டு வந்து சேருகிற ஆக்சில் மூக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, கியர் பெட்டியின் சாய்வுக்கு அது ஒத்துப்போகவில்லை. நீ சொன்னபடி வலது முனையைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்து, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு கொடுத்து மூக்கைத் தூக்கினார். முடித்தபிறகு மறுபடி படி என்றார். அளவு சொன்ன இடத்தோடு நிறுத்தினேன். கீழயும் இன்னாவோ எழுதிக்கீறானே, அத்தயும் படி என்றார். நைனாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நாராயணவனம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். கட்டிலில் படுத்த நான் தூங்கியே போய்விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பாப்பாத்தி என்கிற பெண்ணுக்கு வலி எடுத்துப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. உன் நைனாதான் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு செல்லியம்மாவோடு நானும் போனேன். மத்தியானம் செல்லியம்மா வெளியே ஓடிவந்து, ரெண்டு உசுரும் பொழைச்சிக்கிச்சு அண்ணா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தை. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார். உன் புள்ளைக்கு எழுது, மூணாவது கியர்ல இன்னாவோ சத்தம் வந்துக்கினு கீது, எனக்குப் புடிபடல, அவன் வந்து கேட்டாத்தான் ஆவும்னு எழுது என்றார்.

போக வர அந்த வண்டியிலேயே இருந்தவள் நான், ஒரு சத்தமும் இல்லை கண்ணு. அது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. லீவு வாங்கிக்கொண்டு வா.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தூரம் பார்க்காமல் நல்ல தண்ணீராகக் கொண்டுவந்து குடி. அலர்மேல்மங்கைத் தாயார் உன்னைக் கண்போல் காக்கட்டும். வருகிற தேதியை மறக்காமல் எழுது.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அம்மா,
ரத்தினம்மா