தள்ளிப்போடும் மருந்து

செப்டம்பர் 25

பட்டுப்புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டன. இன்னும் ஒரு வாரம் மல்பெரி இலை தின்னும். பிறகு கூடு கட்டும். அந்த நாள் பார்த்துத்தான் குலசை அம்மன் கோயில் தசராவில் சூரசம்ஹாரம்! இவர் மாலை போட்டு, காளி வேடம் கட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை வேண்டி நேர்ந்தது. நானும் போக வேண்டும். என் மாதவிலக்குத் தேதியும் அன்றைக்குத்தான். நல்ல கூத்து.

செப்டம்பர் 27

இவருடைய அக்கா, சொர்ணாம்பாள் மைனி, மாத்திரை அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். "தேதி தள்ளிப்போவும்ட்டி. கோயிலுக்குப் போற எல்லாரும் போடுதாவ."

போட்டால், வராமல் இருப்பது மாத்திரையாலா, பிள்ளையாலா என்று எப்படித் தெரியும்? இந்த மாதம் சின்னதாக ஓர் ஆசை. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 28

புழுவுக்கும் இதே கதைதான். கல்லூரியில் விலங்கியலில் படித்தது: உடம்பில் இளமை ஹார்மோன் இருக்கும்வரை புழு புழுவாகவே இருக்கும். அது வடிந்த பிறகு ஊறும் இன்னொரு ஹார்மோன்தான் ‘போதும், கூடு கட்டு’ என்கிறது. இவர் முக்கூடலில் வாங்கி வந்தது இளமை ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் மருந்து. அளவோடு ஒரு தடவை தெளித்தால் ஒரு நாள் கூடுதலாகத் தின்னும்; கூடு கட்டுவது கோயிலுக்குப் போய் வரும்வரை தள்ளிப்போகும். தெளித்தோம். புழுத் தட்டுகளில் கீழடுக்கில் மட்டும் தெளிக்க நான் விடவில்லை.

செப்டம்பர் 30

என்னைக் கேட்காமல் மேலடுக்குகளில் மறுபடியும் தெளித்திருக்கிறார்! "இன்னும் ரெண்டு நாள் கெடைக்கும்லா. பைய வந்து பாத்துக்கிடலாம்."

அளவு மீறுனா மாறவே மாறாதுன்னு எத்தன தடவ சொன்னேன்! காதுல ஏறுனாத்தான? மாலை போட்டவரிடம் கத்திவிட்டேன்.

அக்டோபர் 2

மாத்திரை போடவில்லை. வழியில் வந்துவிட்டால் என்ற பயத்தில் நான் குலசைக்குப் போகவுமில்லை; இவர் மட்டும் போயிருக்கிறார். கீழடுக்குப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டி நூல் விட ஆரம்பித்துவிட்டன. மேலே இன்னும் தீனிதான். எனக்கு வரவில்லை.

அக்டோபர் 4

இன்றும் வரவில்லை. அம்மா, தாயே.

அக்டோபர் 5

வந்துவிட்டது. புறவாசலில் நின்று அழுதேன். மைனி போனில், "மாத்திரையப் போட்டிருந்தா கோயிலுக்காவது போயிருக்கலாம்லாட்டி" என்றாள். போயிருக்கலாம். இன்னும் சில நாள் பொய்யாக நம்பிக்கொண்டும் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 8

மேலடுக்குகளில் ஒன்றுகூடக் கட்டவில்லை. விரல் பருமனுக்கு வீங்கி, கறுத்துச் சாகின்றன. இவர் குழி வெட்டிக் கொட்டினார். கை கழுவிவிட்டு வந்து, கீழடுக்குக் கூடு ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார். உள்ளே கூட்டுப்புழு உருளும் சத்தம். என் காதிலும் வைத்துக் குலுக்கினார்.

"ஏட்டி சங்கரி, ஒனக்கு இந்த மாசம் மூணு நாள் தள்ளிப்போச்சுல்லா?"

நான் சொல்லவே இல்லை. அவரும் தேதி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.