துரை சொல்லாத வாக்கு

செம்பகத்தோட்டம்,
எல்கடுவ.
10.03.1996

மாதா துணை

அன்பு மகன் நோபர்ட்டுக்கு அம்மா எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல எனக்கு கைகால் ஓடுது, ஒனக்கும் மருமகளுக்கும் சின்னவளுக்கும் அந்தக் கனடாக் குளிரு ஒன்னும் பண்ணாம இருக்கணும்னு தெனம் செபம் சொல்றேன். ஒங் கடுதாசி வந்துச்சு. ஓய்வுக்கு விழா எடுத்தாங்களாமே, போட்டோவ பெருசாக்கி மாட்டுங்கனு எழுதியிருக்க. நல்லா மாட்டுனேன் போ. அந்த விழாவ நீ பாத்திருந்தா காறித் துப்பியிருப்ப.

முப்பது வருசத்துக்கு மேல தோட்டத்து ஆஸ்பத்திரியில நர்ஸா கெடந்தவளுக்கு பிரியாவிடைனு ஆபீசுக்கு முன்னால பந்தல் போட்டானுக. மரியாதை யாருக்கோ அவங்க கையிலதானே வெத்திலய குடுத்து கும்புடுறது இந்த நாட்டு வழக்கம்? இவனுக என்ன பண்ணுனானுக தெரியுமா, என் கையிலயே தட்ட குடுத்து வாசல்ல நிறுத்தி, மேனேஜர் துரைக்கும் அவரு பொஞ்சாதிக்கும் தோட்டத்த நடத்துற கம்பெனிக்காரனுகளுக்கும் என்னையே வெத்தில குடுக்க வச்சானுக. துரைக்கு என் பேரு கூட தெரியல, நர்ஸ் நர்ஸ்னே இங்கிலீசுல நாலு வார்த்த பேசி முடிச்சாரு. அத தமிழ்ல சொல்ல வந்தான் பாரு பெரிய கிளாக்கர் ஹெர்பர்ட்டு, மைக்க புடிச்சா அவனுக்கு சாமி வந்துரும். இவங்க தோட்டத்துக்கே தாய், சாகுற வரைக்கும் அந்த நர்ஸ் குவாட்டர்ஸ் வீடு இவங்களுக்குத்தான்னு துரை சொல்றாருனு அவனா ஒரு போடு போட்டான். துரை அப்பிடி சொல்லவே இல்ல, எனக்கு இங்கிலீசு வெளங்காதா? சனம் கைதட்டுச்சு, தமிழ் வெளங்காத துரையும் சேந்து தட்டுனாரு.

மறுவாரமே அதே ஹெர்பர்ட்டு பல்ல இளிச்சிக்கிட்டு வந்து குவாட்டர்ஸ் சாவிய கேக்குறான். நா எங்க போவேன், ஒங்கப்பா மாளிகையா கட்டி வச்சிட்டுப் போனாரு? அவரோட வந்து ஏறுன வீடு, நீ பொறந்த வீடு. லயத்து வீட்டு சனத்துக்கு இது தெரிஞ்சதும், கொழுந்தெடுக்குற கிருஷ்ணம்மா காலையில வேலைக்கு பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல கூடைய கவுத்துப் போட்டு உக்காந்துட்டா. துரை வாக்கு குடுத்தத எங்க காதால கேட்டோம், அவரு வாக்கு மாறுனா நாங்க மலைக்கு ஏற மாட்டோம்னுட்டா. எல்லாப் பொம்பளைகளும் அவ பின்னால. நா சொல்லலையேனு துரை எந்த வாயால சொல்லுவாரு, அவருந்தானே கைதட்டுனாரு! மூஞ்சி செத்துப் போயி, சரி இருக்கட்டும்னுட்டாரு.

ஆனா இந்தக் கம்பெனிக்காரனுக இருக்கானுகளே, நரிக்குப் பொறந்தவனுக. கிழவி குவாட்டர்ஸ விடல, புது நர்ஸுக்கு தங்க எடமில்ல, அதனால ஆளு போட முடியாது, நோவு கண்டவள லொறியில ஏத்தி மாத்தளைக்கு கொண்டு போங்கனுட்டானுக. அவனுகளுக்கு சம்பளம் மிச்சம், பழி எனக்கு. வழியில ஆமிக்காரனுக செக்பொயின்ட்ல எறக்கி ஐடென்டிட்டி கேட்டுக்கிட்டு நிப்பானுக, இவளுக லொறியிலயே பெத்துப் போடுவாளுக. அத பாத்துக்கிட்டு அந்த வீட்டுல எனக்கு சோறு எறங்குமா? நேரா ஆபீசுக்கு போனேன். மொதல்ல நர்ஸ கூட்டிட்டு வாங்க, சாவிய அவ கையில குடுப்பேன், ஒங்க கையில இல்லனு சொல்லிட்டு வந்தேன். இப்ப பலாபத்வலயிலருந்து றஹீமானு ஒரு பிள்ள வந்திருக்கு. சாவிய அது கையிலதான் குடுத்தேன். நல்ல பிள்ள, வாய் மட்டும் கொஞ்சம் நீளம், இந்த எடத்துக்கு அது வேணும்.

கிருஷ்ணம்மா தன் ஒத்த அறை லயத்துக் காம்பராவுல சீலைய கட்டி மறச்சு பாதிய எனக்கு விட்டுருக்கா. வந்த மறுநாள் காலையிலயே புள்ளகள தூக்கிக்கிட்டு பொம்பளைக வாசல்ல நிக்கிறாளுக. இங்க என்னடி வேல, ஆஸ்பத்திரிக்கு போங்கடினு வெரட்டுனேன். வந்தவளுகள எல்லாம் வெரட்டுனேன். இன்னைக்கு ஒருத்தியும் வரல. போகச் சொன்னவளே நாந்தான், இருந்தாலும் கதவ சாத்திக்கிட்டு அழுதேன் மகன், ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன.

ஒங்க மூனு பேரையும் மாதா கைவிடாம பாத்துக்குவா. சின்னவள காது மூடாம வெளிய கூட்டிட்டுப் போகாத. பதில் போட்டா ஆஸ்பத்திரினு விலாசம் எழுதாத, கடுதாசி அந்தப் பிள்ள கைக்குப் போயிரும். கிருஷ்ணம்மா, மேக்கணக்கு லயம்னு போடு.

இப்படிக்கு,
ஒன் அம்மா
தெரேசா