ராகிக் கொல்லையில் ஒரு கோடு

ஜூலை 6, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது, வரியை விட்டு இறங்கி ஓடுகிறது. இதைப் பின்னால் எடுத்துப் படிக்கப்போகும் சின்னப்பராஜே, பொறுத்துக்கொள். எழுபது வயதுக்கு மேல் பிடித்த பேனா. பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் சில்வியா டீச்சர் சொல்லிக்கொடுத்தது. இவ்வளவு எழுதுவதற்குள் சோறு ஆறிவிட்டது என்று என் வீட்டுக்காரி ராயம்மாள் சத்தம் போடுகிறாள்.

ஜூலை 9

டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்ப்படம் வரைய அழைத்து வந்தார். முதலில் வடக்கு எது என்று பார்க்க வேண்டுமாம். பிறகு தப்படி எண்ணி நடந்து, நூறு தப்படிக்குத் தாளில் ஒரு கட்டம். எண்ணிக்கொண்டே வந்த பிளசி என் ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். மறுபடி பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 11

படம் வகுப்புச் சுவரில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கோயில். ஏரி. ஒரு வட்டம், பக்கத்தில் — சின்னப்பராஜ் தாத்தா கிணறு. என் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிளசி வீட்டுப் பக்கமிருந்து பள்ளிக்கூடம் வரை, என் ராகிக் கொல்லையின் நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு. பிள்ளைகள் தினமும் குறுக்கே நடக்கும் தடம். படத்தைக் கிராம சபையில் வைப்பார்களாம்.

ஜூலை 12

பக்கத்து நிலத்துப் பெரியண்ணன் வந்தான். "அண்ணா, இன்னிக்குப் படத்துல கோடு போடுவாங்க, நாளைக்கு அது மேல ரோடு போடுவாங்க. அப்பறம் கொல்லை உங்குளுதுங்களா, ஊருதுங்களா?"

இருப்பதே முக்கால் ஏக்கர்.

ஜூலை 14

டீச்சரிடம் கோடு வேண்டாம் என்றேன். புள்ளிக்கோடு வெறும் நடைபாதைதான், ரோட்டுக்கு இரட்டைக் கோடு என்று படத்தின் மூலையில் எழுதியிருந்ததைக் காட்டினார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். பிளசி ரப்பரால் அழித்தாள்.

ஜூலை 17

காலையில் கொல்லைப் பக்கம் சத்தமே இல்லை. பள்ளிக்கூடம் லீவா என்று ராயம்மாள் கேட்கிறாள்.

ஜூலை 18

லீவு இல்லை. கல் லாரி ஓடுகிற தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பிளசியை நிறுத்திக் கேட்டேன்.

"படத்துலயே வழி வேணாம்னுட்டீங்க. அப்பறம் எப்படிங்க தாத்தா மிதிக்கிறது?"

நான் கோட்டைத்தானே வேண்டாம் என்றேன்? நடக்காதே என்றா சொன்னேன்? அதுகளுக்கு அப்படித்தானே கேட்டிருக்கும். ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பள்ளிக்கூடம் வரைக்கும் விடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நிலம் போய்விடுமே என்று ராயம்மாளிடம் புலம்பினேன். "அதுங்க மிதிச்ச எடத்துல எந்த வருசமுங்க ராகி வெளஞ்சுது?" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று முருகேஷ் டிராக்டர் கொண்டுவந்தான். வருடா வருடம் தடத்தையும் சேர்த்துத்தான் உழுவோம். இந்தத் தடவை தடத்தின் வளைவை மட்டும் நேராக்கி, அந்த இடத்தில் கலப்பையைத் தூக்கச் சொன்னேன். கொல்லைக்கு வகிடு எடுக்கிறீங்களா பெரியப்பா என்று சிரித்தான். வகிடேதான்.

இன்று பிளசியை வரச் சொல்லியிருந்தேன். கூட்டாளிகளோடு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழித்த கோட்டில் வளைவு இருந்தது, இப்போது தடம் நேராகிவிட்டது, மறுபடி அளக்க வேண்டும் என்று நடந்தார்கள். பிறகு வரப்பில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். தாள் காற்றில் பறக்காமல் நான் பிடித்துக்கொண்டேன்.

நாளை விதைப்பு. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, தடத்துக்கு இரண்டு பக்கமும் முளைப்பு எப்படி என்று எழுதுகிறேன்.