பத்தாம் நாள் உன்னைக் கூப்பிட்டது நான்தான்

எலே, முட்டுவலிக்கு எனக்கு இப்போது எண்ணெய் போடுகிறார்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு வைத்தியசாலை. ஏழு நாள், காலையில் போய்ப் பலகையில் படுக்க வேண்டும். முதல் நாள் வைத்தியர் உருளியில் எண்ணெயைச் சூடாக்கினார், அந்த மணம் வந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். கிடந்த கிடையில் அழுதுவிட்டேன். "வேதனை உண்டோ அப்பூப்பா?" என்று அவர் மலையாளத்தில் கேட்டார். உண்டு என்றேன். இந்த வயதில் அவரிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

அதே மணம்தான். கள்ளிக்காட்டில், ஆடி மழையில், ஆற்றங்கரைச் சரிவில் போட்ட ஓலைக் கொட்டகை. பதினொரு பேர் நாம். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலை எதுவும் கிடைக்காமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த பதினொரு தடியன்கள். அடிமுறைச் சண்டை படிக்கப் பதினான்கு நாள் அங்கேயே தங்க வேண்டும், வீட்டு நினைப்பே கூடாது என்று ஆசான் சொல்லியிருந்தார். விடியும் முன்னே காலை மாற்றி மாற்றிச் சுவடு வைத்துப் பழக வேண்டும். பிறகு உழிச்சல். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் நம் முதுகில் ஏறிக் காலால் எண்ணெயைத் தேய்த்து இறக்குவார். உப்பும் புளியும் இல்லாத கஞ்சி, வேகவைத்த சிறுபயறு. மழை நின்றால் சேற்றிலேயே மறுபடியும் சுவடு.

ஆசானின் கால் இடுப்பில் இறங்கும்போது எல்லாரும் பல்லைக் கடிப்போம். நீ மட்டும் கத்துவாய்: "மெதுவா ஆசானே, என்னைக் கொன்னா எங்க அக்கா உம்ம சும்மா விடமாட்டா!" கொட்டகையே சிரிக்கும். ஆசானும் சிரித்துவிடுவார்.

இருவர் எதிரெதிராக நின்று அடியும் தடையும் பழகும்போது எனக்கு எதிராள் நீ. ஒரு நாள்கூட உன்னை நான் தொட்டதில்லை. என் கை வரும் முன்னே நீ விலகியிருப்பாய், விலகிவிட்டுச் சிரிப்பாய். இன்று மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்குப் பொறாமை இருந்தது. தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவின் மகன் நான், வீட்டில் நெல்லும் தென்னையும் உண்டு. தாய் தகப்பன் இல்லாமல், மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியையான அக்காவின் சம்பளத்தில் வளர்ந்த நீ என்னைவிட மேலே நிற்பதா என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள் ஆசான் நம்மை வரிசையாக உட்காரவைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "எண்ணெய் ஏறின உடம்பு பச்சப்பிள்ளைக்க உடம்பாக்கும். பதினாலு நாள் உழிச்சலுன்னா பதினாலு நாள் இருப்பு உண்டு. வீட்டுக்குள்ள அடங்கி இருக்கணும். ஓடப்பிடாது, வெயில் கொள்ளப்பிடாது, மேலுல ஒரு தட்டு படப்பிடாது. கேட்டியளா மக்கா?" கேட்டோம் என்று பதினொரு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

இருப்பின் பத்தாம் நாள் பாறசாலைக்கு ஊர்வலம் என்று சேதி வந்தது. மலையாள ஆட்சியில் கிடந்த நம் பகுதியும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். சர்க்கார் சம்பளம் வாங்குகிற என் அப்பா, வாசல் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றார். பின்பக்கமாக இறங்கி ஓடினேன். மற்ற ஒன்பது பேரும் வீட்டில் அடங்கித்தான் இருந்தார்கள். எனக்குத் தனியாகப் போகப் பிடிக்கவில்லை. நான் முன்னால் நின்று கோஷம் போடுவதை நீ பார்க்க வேண்டும். அதற்காகத்தான் உதியன்குளங்கரையில் உன் வீட்டுக்கு வந்தேன். தமிழுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நீ பாயில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாய்.

"நாலு நாள்தானே பாக்கி. கழிஞ்சிட்டு வாறேன்லே" என்றாய்.

"நாலு நாள் கழியட்டும்னு ஊர்வலம் உனக்காவ காத்து நிக்குமாக்கும்!"

"ஆசான் சொன்னத நீயும் கேட்டேல்லா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஆசான் சொன்னதுக்காவயா, இல்ல பேடிச்சிட்டியா? போலே. அக்காவுக்க முந்தானையப் பிடிச்சிட்டு இங்கேயே கிட."

நீ பாயிலிருந்து எழுந்தாய். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாய். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாய்.

எலே, நம் மேல் ஒரு அடிகூட விழவில்லை. பாறசாலையில் போலீஸ் லத்தியை ஓங்கியதும் முன்வரிசை சிதறியது. கூட்டம் அப்படியே பின்னால் திரும்பி ஓடி வந்தது. யாரோ இடித்ததில் நீ ஓடைப் பாலத்தின் கைப்பிடிக் கல்லில் போய் விழுந்தாய். இடது விலாப்புறம். சத்தம் எனக்குக் கேட்டது. வேறு நாளாக இருந்தால் நீ துள்ளி விலகியிருப்பாய், விழுந்தாலும் உடம்பை உருட்டி எழுந்திருப்பாய். அன்று அந்த உடம்பு உன் சொல் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லல்லா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்று சிரித்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் காய்ச்சல். பிறகு இருமல், இருமலில் ரத்தம். மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர், உள்ளே பட்ட காயம், முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார். கார்த்திகையில் ஒரு மத்தியானம் உன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். நீ மூச்சை இழுத்து இழுத்து அவளிடம் சொன்னாய்: "நானாத்தான் போனேன் அக்கா. இவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆமா அக்கா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்தச் சொல். மறுநாள் நீ போய்விட்டாய்.

நாம் கேட்டதும் கிடைக்கவில்லை. எல்லை களியக்காவிளையோடு நின்றது. பாறசாலை இந்த மலையாளப் பக்கமே தங்கிவிட்டது. என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் இங்கேதான் சர்க்கார் உத்தியோகம் பார்த்தேன், இங்கேதான் பென்ஷன் வாங்குகிறேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷந்தோறும் நீ போன நாளில் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். சர்ச்சுக்குப் புதிதாக யார் வந்தாலும் அன்று வீட்டுக்கு அழைத்து உன் படத்தைக் காட்டுவாள். "யாரும் கூப்பிடாம, தானா எழும்பிப் போனவனாக்கும் எனக்க தம்பி" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிரும். நான் குனிந்து சோற்றைப் பிசைவேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் இப்படியே தின்றிருக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

இந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியபின் என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். தொண்ணூறை நெருங்குகிறாள், காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பேடிச்சிட்டியா என்று கேட்டதையும், முந்தானை என்று சொன்னதையும் விடவில்லை. காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஒருவேளை மன்னிக்கவும் செய்வாள் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். முட்டாள்.

அவள் திட்டவில்லை. சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்:

"அப்போ, அவனுக்குப் போவ மனசில்லாமலா இருந்துது?"

அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சாகிற நேரத்தில் நீ கொடுத்துவிட்டுப் போனது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். என் மனப்பாரம் குறைய வேண்டும் என்று ஒரு கிழவியின் கையில் இருந்ததைப் பிடுங்கினேன்.

"சொல்லு மக்கா. மனசில்லாமலா இருந்துது?" என்று மறுபடியும் கேட்டாள். மனசோடுதான் வந்தான் அக்கா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அன்று அத்தனை சுலபமாகப் பொய் சொன்ன வாய், இப்போது திறக்கவில்லை. கடைசியில் அவளே, "கதவச் சாத்திட்டுப் போ" என்றாள்.

நீதான் சொல்ல வேண்டும். பாயிலிருந்து எழுந்தபோது உனக்கும் வர வேண்டும் என்று இருந்ததா, இல்லை என் நாக்குக்குப் பயந்துதான் வந்தாயா? இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. பாறசாலை வரைக்கும் நான் உனக்கு முன்னால்தான் நடந்தேன், எலே. ஒரு தடவைகூடத் திரும்பி உன் முகத்தைப் பார்க்கவில்லை.