நெஞ்சுக்கறிக்கு ஒரு பக்குவம்

மட்டாஞ்சேரி
4.8.2025

பாக்கியலக்ஷ்மிக்கு,

உன் அண்ணன் ஒச்சப்பன் சம்சாரம் இருளாயி எழுதுறது. நல்லா இருக்கியான்னு கேட்டு எழுதலை. ஒரு காரியமா எழுதுறேன். உன்கிட்ட பேசமாட்டேன்னு சொன்னேனே தவிர எழுதமாட்டேன்னு சொல்லலை. அதனால வாக்கு வாக்காவே இருக்கு.

என் பிள்ளை விபின் விஷயம் அவன் பொண்டாட்டி ஷீஜா உனக்கு போன்ல சொல்லியிருப்பா. மாமியாருக்குத் தெரியாம பேசுறதா அவளுக்கு நினைப்பு. கணையம்னு ஒண்ணு வயித்துக்குள்ள இருக்காம், அதுல சீழ் பிடிச்சு ஆப்பரேஷன் ஆச்சு. கார்ப்பரேஷன் லாரியைத் தனியா ஓட்டுன உடம்பு, இப்ப வேட்டி இடுப்புல நிக்கலை. தையல் போட்ட இடமும் ஆறாம ஈரமாவே இருக்கு. எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது, ஆனா கறி சாப்பிட்டாத்தான் சதை பிடிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கறின்னா கோழி நெஞ்சு மட்டும், தோலில்லாம, ஓவன்ல சுட்டது. அடுத்த தடவை காட்டப் போறப்ப எடை கூடலைன்னா மறுபடி சேர்த்து மூக்குல குழாய் விடுவாங்களாம்.

ஷீஜா எடப்பள்ளியில தவணைக்கு ஒரு ஓவன் எடுத்துட்டு வந்துட்டு, காலையில துணிக்கடை வேலைக்குப் போயிடுறா. நான் அதுகிட்ட மல்லுக்கட்டுறேன். பேத்தி மஞ்சுஷா போன்ல படம் போட்டுக் காட்டினா. அதுல ஒருத்தி எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டு, கடைசியில தானே தின்னு தலையாட்டுறா. கோழிக்கடைக்காரன் வேற தினமும், "நெஞ்சு மாத்திரம் மதியோ அம்மச்சி? காலு வேண்டே?"ன்னு கேக்குறான். நெஞ்சு மட்டும் போதுமா, கால் வேண்டாமான்னு என்கிட்டயா கேக்குறான்! கால்துண்டு ருசி எனக்குத் தெரியாதா? நான் சுட்டது தேங்காய் நார் மாதிரி வருது. விபின் ஒரு வாய் மெல்லுறான், தண்ணி குடிக்கிறான், தட்டைத் தள்ளி வைக்கிறான்.

நீ ஆலுவாவுல அந்த டாக்டரம்மா வீட்டுல ஓவன் வச்சு ஆக்கிப் போட்டவ. பக்குவத்தை எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம்.

உன் மக இசக்கிசெல்வி கல்யாணத்து மறுநாள் கறிவிருந்தை நான் மறந்துட்டேன்னு நினைச்சுடாதே. தாய்மாமன்னு சீர்த்தட்டு சுமந்து வந்த மனுஷனை ரெண்டாம் பந்தியில உக்கார வச்சு, இலையில காஞ்ச நெஞ்சுத்துண்டைப் போட்டீங்க. நீ அன்னைக்குக் கத்தரிப்பூ சேலை கட்டியிருந்தே, முந்தியில மஞ்சள் கறை. எல்லாம் அப்படியே இருக்கு.

இருளாயி


ஆலுவா
8.8.2025

மதினிக்கு,

உங்க எழுத்தைப் பார்த்ததும் வாசல்லயே நின்னு பிரிச்சேன். போஸ்ட்மேன், "இதாரா இப்ப கத்து எழுதுறது?"ன்னு கேட்டான். கடுதாசி எழுதினது எங்க மதினிதான், அவங்களுக்கு வாய் வலின்னு சொன்னேன்.

வேற எதுவும் எழுதக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கீங்க. சரி, பக்குவம் மட்டும். கறியை எங்கேயும் கீறாதீங்க. ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெலிசா இருக்கும். மேல ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, தடிச்ச பக்கத்தை சப்பாத்திக் கட்டையால தட்டி ஒரே மட்டமாக்குங்க. உப்புத் தண்ணியில அரை மணி ஊறட்டும். எடுத்துத் துணியால ஒத்தி ஈரம் வாங்கிட்டு மிளகு, பூண்டு, ஒரு கரண்டி தயிர் தடவுங்க. ஓவன் முதல்ல நல்லா சூடேறணும். இருநூறுல வச்சு, தட்டை உள்ளே தள்ளினா இருபது நிமிஷம். நடுவுல கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீங்க. வெளியே எடுத்ததும் வெட்டாதீங்க, மூடி போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.

விபினுக்கு அத்தை கேட்டேன்னு சொல்லுங்க. இது பக்குவத்துல சேர்ந்ததுதான்.

பாக்கியம்


மட்டாஞ்சேரி
14.8.2025

பாக்கியத்துக்கு,

நீ எழுதினது ஒண்ணும் சரிப்படலை.

கீறாதேன்னு சொல்றே. கீறாம மசாலா எப்படி உள்ளே இறங்கும்? நாலே நாலு கீறல்தான் போட்டேன். இருபது நிமிஷம் கழிச்சுப் பார்த்தா வெள்ளை வெளேர்னு கிடக்கு. சிவக்காத கறியைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கிறது? வயித்தைக் கிழிச்சுத் தச்ச பிள்ளைக்குப் பச்சைக் கறியைக் கொடுத்துட்டு நான் எங்கே போய் நிக்கிறது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு விட்டேன். நடுவுல காயுதேன்னு கதவைத் திறந்து தண்ணி தெளிச்சேன். எடுத்த உடனே வெட்டியும் பார்த்தேன், உள்ளே வெந்திருக்கான்னு தெரியணும்ல. தட்டு பூரா தண்ணி ஓடிச்சு, கறி சக்கையா நின்னுச்சு.

விபின் அதை வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னான். நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப எடுத்து தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சான். திரும்பினா எனக்குத் தெரியாதா? "நல்லாத்தாம்மா இருக்கு, பசியில்லை"ன்னான். அவன் சின்னப் பிள்ளையிலகூட என்கிட்ட பொய் சொன்னதில்லை. மிச்சத்தை ஷீஜா ஊறுகாய் வச்சுத் தின்னுட்டுப் படுத்தா. அவ திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

தையலைச் சுத்தி இன்னும் ஈரம். தினமும் துணி மாத்துறேன்.

நீ ஏதோ ஒண்ணை ஒளிச்சு வச்சுட்டுத்தான் எழுதியிருக்கே. அப்படித்தானே?

இருளாயி


ஆலுவா
19.8.2025

மதினிக்கு,

ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? கீறாதேன்னேன், கீறினீங்க. திறக்காதேன்னேன், திறந்தீங்க. வெட்டாதேன்னேன், வெட்டினீங்க. உப்புத் தண்ணியில ஊற வச்சீங்களா, அதையும் விட்டுட்டீங்களா? எழுதவே இல்லையே.

அது பொரிச்ச கோழி இல்லை மதினி, சிவக்காது. சிவக்கிற வரைக்கும் விட்டா செத்துப் போகும். கீறின வழியாத்தான் சாறெல்லாம் வெளியே போச்சு. சூடா இருக்கும்போது வெட்டினதுல மிச்சமும் போச்சு. வெந்திருக்கான்னு விரலால அமுக்கிப் பார்க்கணும். அந்த அழுத்தத்தை நான் எப்படி எழுதிக் காட்டுறது? ஞாயித்துக்கிழமை மஞ்சுஷாவைப் போன்ல முகம் தெரியுற மாதிரி பிடிக்கச் சொல்லுங்க. நான் பார்த்துச் சொல்றேன். நீங்க வாய் திறக்க வேண்டாம், உங்க வாக்கை நான் கெடுக்கலை. தலையை ஆட்டினாப் போதும்.

கறிவிருந்து பேச்சை எடுத்தது நீங்க. அதனால நானும் சொல்றேன். அன்னைக்கு அண்ணன் இலையில அதை வச்சது நான்தான். பரிமாறினவன் தலையில போட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுல நினைச்சதுக்கு மேல ஆள் வந்துட்டாங்க, கறி பத்தலை. நல்ல துண்டெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அண்ணன் நம்ம ஆளு, அவனுக்கு என்ன வச்சாலும் ஒண்ணும் நினைக்க மாட்டான்னு வச்சேன். அவனும் ஒண்ணும் நினைக்கலை. நீங்கதான் கைகழுவுற இடத்துல அத்தனை பேர் முன்னாடி, இனி உன்கூட ஒரு வார்த்தை கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அண்ணன் செத்தப்ப நான் உங்க காலடியில உக்காந்து அழுதேன். அப்பவும் நீங்க வாயைத் திறக்கலை.

எனக்கும் எல்லாம் அப்படியேதான் இருக்கு.

பாக்கியம்


மட்டாஞ்சேரி
28.8.2025

பாக்கியத்துக்கு,

முதல்ல ஒண்ணைச் சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை நான் உன்கிட்ட பேசலை. நான் பேசிட்டேன்னு நீ மஞ்சுஷாகிட்ட சொல்லிச் சிரிச்சியாமே. கத்தியை எடுத்த உடனே, "வெட்டாதீங்க மதினீ!"ன்னு நீ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்துட்டா. "கத்தாதடி, காது கேக்குது"ன்னேன். அது ஒரு பேச்சா? நாயை ஓட்டுறதும் பேச்சா?

சரி, நடந்ததைக் கேளு. நீ போனை வச்சப்புறமும் நான் மூடியைத் திறக்கலை. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கறியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அப்புறம் வெட்டினேன். கத்தி வெண்ணெயில போற மாதிரி போச்சு. தட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, எல்லாம் கறிக்குள்ளேயே நின்னுச்சு. விபின் முதல் துண்டை வாயில வச்சுட்டு என்னைப் பார்த்தான். ரெண்டாவதை எடுத்தான். அப்புறம், "இன்னும் இருக்காம்மா?"ன்னான். ஷீஜா கதவுகிட்ட துணி மடிக்கிற மாதிரி நின்னா. ஒரே சட்டையை எத்தனை தடவை மடிச்சாளோ, நான் கண்டுக்கலை.

தினமும் செய்றேன். ஒரு நாள் எலுமிச்சை, ஒரு நாள் கொத்தமல்லி. விரல் இப்ப எனக்கே சொல்லுது.

அண்ணன் ஒண்ணும் நினைக்கலைன்னு எழுதியிருக்கே. அதை மட்டும் என்னால விட முடியலை. அன்னைக்கு ஆலுவா பஸ் ஸ்டாண்டுல அவரு ஒரு சாயாவும் ரெண்டு பன்னும் வாங்கித் தின்னாரு. கல்யாண வீட்டுல இருந்து வந்த தாய்மாமன், புதுத்துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டே தின்னாரு. "உன் தங்கச்சி வீட்டுல வயிறு நிறையலையா?"ன்னு கேட்டேன். "அது பாவம், என்ன பண்ணும்? நீ சும்மா இரு"ன்னாரு. பஸ்ஸுல மட்டாஞ்சேரி வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தாரு. நம்ம ஆளுன்னா நம்ம ஆளுக்குப் பசிக்காதா பாக்கியம்?

இருளாயி


ஆலுவா
1.9.2025

மதினிக்கு,

பன் விஷயம் எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படிச்ச அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலை. அந்த பஸ் ஸ்டாண்டு வழியாத்தானே நான் தினமும் மார்க்கெட்டுக்குப் போறேன்.

நான் செஞ்சது தப்பு மதினி. கறி பத்தலைங்கிறதெல்லாம் சாக்கு. என் இலையில விழுந்ததைத் தூக்கி அவனுக்கு வச்சிருக்கலாம். எனக்கு அப்பத் தோணலை. சம்பந்திங்க என்ன நினைப்பாங்கன்னுதான் ஓடிக்கிட்டு இருந்தேன். கூடப்பிறந்தவன் என்ன நினைப்பான்னு திரும்பிப் பார்க்கலை.

அன்னைக்கு போன்ல உங்க பின்னாடி சுவத்துல அண்ணன் போட்டோ தெரிஞ்சுச்சு. மஞ்சுஷா கை ஆட ஆட அவனும் ஆடினான். அதனாலதான் பாதியில மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம்னு சொன்னது பொய்.

விபின் தட்டைக் காலி பண்ணினான்னு படிச்சு, வாசல்ல போன மீன்காரிகிட்டகூட சொல்லிட்டேன்.

இனி கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருந்து கடிதம் வராது. கோவம்னு நினைக்காதீங்க. ஓணம் கழிஞ்சு பதினொண்ணாம் தேதி கண்ணுல புரை எடுக்கிறாங்க. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குனியக் கூடாது, எழுதப் படிக்கக் கூடாதுன்னு பெரிய பட்டியல். இசக்கிசெல்விக்கு திருப்பூர்ல லீவு கிடைக்கலை. கூலிக்கு ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன். காலையில வந்து கஞ்சி வச்சுட்டுப் போகுமாம். அது போதும்.

பாக்கியம்


மட்டாஞ்சேரி
6.9.2025

அடி பாக்கியம்,

நேத்து ஓணம். ஷீஜா எல்லாருக்கும் இலை போட்டு சத்யை விருந்து பரிமாறினா, விபினுக்கு மட்டும் எண்ணெய் படாததாப் பார்த்து. நாலு நாளைக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க. கூடியிருக்கு. தையல் காஞ்சுடுச்சு, சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டாரு டாக்டர். என்ன கொடுக்கிறீங்கன்னு கேட்டாரு. கோழி நெஞ்சுன்னேன். யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டாரு. என் நாத்தனான்னேன். இத்தனை வருஷத்துல அந்த வார்த்தை என் வாயில வந்தது அன்னைக்குத்தான். விபின் திரும்பி என்னைப் பார்த்தான். நான் மேல சுத்துற காத்தாடியைப் பார்த்தேன்.

கூலிக்கு வர்றவகிட்ட வேண்டாம்னு சொல்லிடு. காலையில வச்ச கஞ்சியை ராத்திரிக்கும் நீ குடிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம். பத்தாம் தேதி நான் வர்றேன். விபினுக்குச் சுட்டுக் கொடுக்க ஷீஜாவுக்குப் பழக்கிட்டேன், அவளுக்கு என்னைவிட நல்லா வருது. அதை அவகிட்ட சொல்லலை. விபின் எர்ணாகுளம் வரைக்கும் கூட வந்து மெட்ரோவுல ஏத்தி விடுவான். ஆலுவாவுல இறங்கி நானே கேட்டு வந்துடுவேன், உன் வீட்டு வழி எனக்கு மறக்கலை. மூணாவது சந்து, இரும்புக் கேட்டு, நீல பெயிண்டு. பெயிண்டை மாத்தியிருந்தா இப்பவே சொல்லிடு.

உன் கண் ஆறுற வரைக்கும் அங்கேதான் இருப்பேன். எனக்குத் தனிப் பாய் போடு, குறட்டை விடுவேன். மீன் வாங்கி வைக்காதே, நான் பார்த்து வாங்குவேன். உன்னை மன்னிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே, அதை நான் இன்னும் முடிவு பண்ணலை.

கட்டு கண்ணுக்குத்தானே, காதுக்கு இல்லையே. உன் அண்ணன் போனதுல இருந்து விபின் கல்யாணம், மஞ்சுஷா பிறந்தது, வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தது வரைக்கும் எதையும் உன்கிட்ட நான் சொன்னதில்லை. எல்லாத்தையும் சொல்லணும். நடுவுல குறுக்கே பேசாதே. முதல்ல நான் பேசி முடிக்கிறேன். அப்புறம் நீ பேசு.

உன் மதினி
இருளாயி