மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நீங்களும் அம்மாவும் சுகமா? கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுகிறீர்களா? நான் நலம்.

போனே வரவில்லையே என்று பதறியிருப்பீர்கள். போன் போலீஸிடம் இருக்கிறது. பயப்படாதீர்கள், என்னை ஒன்றும் செய்யவில்லை. எங்கள் அறையின் வைஃபை என் பெயரில் இருக்கிறது. வைஃபை பெட்டியை மாட்டிய ஆள், "பாஸ்வேர்டை உடனே மாத்திடுங்கண்ணே, இது எல்லாப் பெட்டிக்கும் ஒண்ணுதான்" என்றான். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். யாரோ அதன் வழியாக நுழைந்து இணையத்தில் பல பேரின் பணத்தை ஏமாற்றிப் பறித்திருக்கிறான். தடயம் என் பெயரில் வந்து நிற்கிறது.

"நான் இல்லீங்க" என்றேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று அதிகாரி பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். விசாரணை முடிய இரண்டு வருஷம்கூட ஆகுமாம். அதுவரை லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார் மேனேஜர். அறையில் கூட இருந்த இருவரும், "தப்பா நினைக்காதீங்கண்ணே" என்று வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அறை இப்போது விசாலமாக இருக்கிறது.

பாஸ்போர்ட் இல்லாமல் உங்கள் கண் ஆபரேஷனுக்கு என்னால் ஊருக்கு வர முடியாது. எனக்காகத் தள்ளிப்போடாமல் மாமாவோடு போங்கள்.

நம் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை இன்றைக்கே தங்கையை மாற்றச் சொல்லுங்கள். பிறந்த தேதி வேண்டாம், நீளமாக வைக்கட்டும். பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு தனி. அதையும் மாற்ற வேண்டும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அப்பா, உங்கள் நம்பரை எழுதி அனுப்புங்கள். தெருமுனைக் கடைக்காரர் பேசிக்கொள்ளச் சொல்லித் தன் போனைத் தந்தார். முதல் நாலு எண்ணுக்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை.

உங்கள் மகன்